இந்தாங்க, உங்க போர்வை

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். இதைச் சொல்வதால் எனக்கு ஒரு லாபமும் கிடையாது. நான் கதை கட்டுகிற ஆளும் இல்லை. மைக் செட், டியூப் லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன். கல்யாண வீடு, சாவு வீடு, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஊர் தூங்கும்போது ஜெனரேட்டர் பக்கத்தில் தனியாக விழித்திருப்பதுதான் என் பிழைப்பு. சுடுகாட்டுச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறேன். இருட்டுக்குப் பயந்தவன் இந்தத் தொழிலில் ஒரு வாரம் தாங்கமாட்டான்.

அப்படிப்பட்ட நான் அன்று ராத்திரி பார்த்தேன். பார்த்தது மட்டும் இல்லை, தொட்டேன். இப்போது இதைச் சொல்லும்போதும் அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

புயல் கரையைக் கடந்த நாளிலிருந்தே எங்கள் வீட்டில் டிவி அணையவில்லை. என் மனைவி சமையலறைக்கும் டிவிக்கும் நடையாக நடந்தாள். நிருபர்கள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி கத்தினார்கள். பின்னால் ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்து போவார். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. விழுந்த மரம், கவிழ்ந்த பஸ், கூரை போன வீடு... காட்டியதையே திருப்பித் திருப்பிக் காட்டினார்கள்.

அவற்றில் ஒரு படம் மட்டும் நாள் முழுக்க வந்தது. ஒரு பள்ளிக்கூட மைதானம். நீளமான வரிசை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் போர்வை கொடுக்கிறார். சிவப்புப் போர்வை, கறுப்புக் கரை போட்டது. தோளில் கைக்குழந்தையோடு ஒரு பெண் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். கீழே "நிவாரணப் பணிகள் தீவிரம்" என்று எழுத்து ஓடுகிறது. பின்னால் உருக்கமாக ஒரு புல்லாங்குழல். அவ்வளவுதான். சில நொடிகள்தான் இருக்கும்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து என் மனைவி கண்ணைத் துடைத்தாள்.

"பாவம், ஒரு போர்வைக்கு எப்படிச் சிரிக்கிறா பாருங்க. ஜெனரேட்டரை வாசல்ல நிறுத்தி வச்சுக்கிட்டு நீங்களும்தான் உக்காந்திருக்கீங்க. கரண்ட் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனா தேய்ஞ்சா போயிடும்?"

இப்படிக் கேட்டால் எந்த மனுஷனால் வீட்டில் உட்கார முடியும்? டீசல் கேன்களை ஏற்றிக்கொண்டு மறுநாளே கிளம்பினேன். நேராக அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன். என்னைக் கிளப்பியது அந்தச் சிரிப்புதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வகுப்பறைக்கு வகுப்பறை ஜனம். பெஞ்சுகளை வெளியே குவித்துவிட்டு ஈரத் தரையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள். குழந்தைகள் இருமிக்கொண்டே இருந்தன. ஒரு அறையில் நிறுத்தினால் அடுத்த அறையில் ஆரம்பிக்கும்.

டிவியில் பார்த்த வெள்ளைச் சட்டைக்காரர் எதிரே வந்தார். நிவாரணச் சங்கத்தின் செயலாளராம். ஊரே சேற்றில் புரண்டு கிடக்கிறது, இவர் சட்டையில் ஒரு மடிப்பு கலையவில்லை. டீசல் எவ்வளவு இருக்கிறது, எத்தனை விளக்கு எரியும் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"டிவி கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார்.

கல்யாண மண்டபங்களுக்குக் கொடுக்கும் பெரிய டிவி ஒன்று வண்டியில் இருந்தது. டிஷ்ஷும் இருந்தது. சொன்னேன்.

"முதல்ல அதைப் போடுங்க. நம்ம வேலையப் பத்தி என்ன போடுறான்னு தெரியணும்ல."

அறைக்கு ஒரு விளக்குப் போடுவதற்கு முன்னால் வராந்தாவில் டிவி ஓட ஆரம்பித்தது. வந்ததும் வராததுமாக அதே படம். அதே பெண், அதே சிரிப்பு. செயலாளர் தன்னைத் தானே பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார்.

வராந்தாவின் கோடியில் ஒரு வகுப்பறை. பூட்டியிருந்தது. அதைத் திறந்து காட்டினார். தரையிலிருந்து கூரை வரை போர்வை. எல்லாம் சாம்பல் நிறம். பிரிக்காத புது வாசனை.

"எல்லாம் அந்த ஒரு படத்தால வந்தது" என்றார். "ஒளிபரப்பான ராத்திரியே போன் மேல போன். மறுநாள் லாரி வந்து நிக்குது. படத்துக்கு இருக்கிற சக்தியப் பாத்தீங்களா?"

"நல்லதுதான். ஆனா டிவில சிவப்பா இருந்துச்சே?"

"அது வேற" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

பக்கத்து அறையில் ஒரு குழந்தை மூச்சு இழுத்து இழுத்து இருமியது.

"சார், இதை இப்பவே குடுத்துடலாமே? எல்லாரும் ஈரத்துல கிடக்காங்க."

"குடுக்காம எங்க போறோம்? காலைல சேனல்காரங்க வர்றாங்க. அவங்க முன்னாடி குடுத்தாத்தானே இன்னும் நாலு பேர் அனுப்புவாங்க? ஒரு ராத்திரிதானே." சாவியை என் கையில் வைத்தார். "நீங்க எப்படியும் ஜெனரேட்டர் பக்கத்துல முழிச்சுத்தான் இருக்கப் போறீங்க. இந்தக் கதவையும் பாத்துக்குங்க. யாருக்கும் திறக்கக் கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளிரில் நடுங்குகிறவர்களுக்கும் போர்வைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அந்தச் சுவருக்கு நான் காவல். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சாவியை அவர் முகத்தில் எறிந்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஜெனரேட்டரை நிறுத்தினால் நர்ஸம்மா அறையில் விளக்கு போய்விடும். அங்கே நாலு பேருக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

நர்ஸம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாளிலிருந்து முகாமில் இருந்தவர். ஐம்பது வயதிருக்கும். தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ, கண் இரண்டும் சிவந்திருந்தது. டிவியில் அந்தப் படம் வரும்போதெல்லாம் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

செயலாளர் தன் வேனில் ஏறித் தூங்கப் போனார். நான் பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மேஜையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எதிரே டிவி, சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். படிக்குக் கீழே ஜெனரேட்டர் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. அதில் ஒரு சின்னப் பிசகு வந்தாலும் தூக்கத்தில்கூட விழித்துவிடுவேன்.

மழை இல்லை. காற்றும் இல்லை. இருமல் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

டிவியின் மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது. 12.40 என்று பார்த்தேன். ஒரு கொட்டாவி விட்டேன். கண்ணைத் திறந்தால்...

மேஜைக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள்.

வந்த சத்தம் கேட்கவில்லை. சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முந்தானை முழுவதையும் தோளில் கிடந்த குழந்தையைச் சுற்றியே கட்டியிருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்...

"குழந்தைக்குக் குளிருது" என்றாள்.

முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. டிவியில் சிரித்தவள். எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. நமக்குத் தெரிந்தவர் ஒருவரை வெளியூரில் பார்த்தது மாதிரி.

"உங்களை டிவில பாத்தேம்மா. எங்க வீட்டுல உங்களைப் பத்தித்தான் பேச்சு. உங்களுக்குத்தான் அன்னிக்கே போர்வை குடுத்தாங்களே?"

"குடுத்தாங்க."

"அது எங்க?"

"குழந்தைக்குக் குளிருது" என்றாள் மறுபடியும். முன்பு சொன்ன அதே குரல். ஒரு எழுத்து ஏறவில்லை, இறங்கவில்லை.

நனைந்திருக்கும், தொலைந்திருக்கும், யாராவது பிடுங்கியிருப்பார்கள். எதுவானால் என்ன. செயலாளரும் அவர் கட்டளையும் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று மேஜையை நகர்த்திப் பூட்டைத் திறந்தேன். ஒரு போர்வையை உருவி அவளிடம் கொடுத்தேன்.

வாங்கினாள். நெஞ்சோடு அணைத்தாள்.

இடது பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. கை கழுவும் குழாய் வரிசைதான் இருந்தது. அந்தக் குழாய்களைப் பார்த்து...

சிரித்தாள்.

அதே சிரிப்பு. டிவியில் ஐம்பது தடவை பார்த்த சிரிப்பு. தலை அதே அளவு சாய்ந்தது. உதடு அதே அளவு விரிந்தது. அப்படியே நின்றாள். புல்லாங்குழல் மட்டும்தான் இல்லை.

பிறகு சிரிப்பு அணைந்தது. சுவிட்சை யாரோ தட்டியது போல.

போர்வையை என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க போர்வை."

எனக்குப் புரியவில்லை. "ஏம்மா? வச்சுக்குங்க. குழந்தைக்குப் போர்த்துங்க."

"அடுத்த ஆளுக்கு வேணும்ல."

நீட்டிய கை இறங்கவே இல்லை. கை வலிக்குமே என்று நானே வாங்கிக்கொண்டேன். அவள் வராந்தா வழியே நடந்து போனாள். இருட்டில் மறைந்தாள். அதிர்ச்சியில் புத்தி கலங்கியிருக்கிறது, காலையில் நர்ஸம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே தரையைப் பார்த்தேன்.

மேஜை முன்னால் தண்ணீர் தேங்கியிருந்தது. அவள் வந்த வழியில் ஈரக் காலடி இருந்தது.

போன வழியில் இல்லை.

டிவியைப் பார்த்தேன். அந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மைதானம், வரிசை, செயலாளர். அவர் சிவப்புப் போர்வையை நீட்டுகிறார். வாயெல்லாம் பல். எதிரே...

எதிரே ஆள் இல்லை.

வெறும் இடத்துக்குப் போர்வை நீட்டுகிறார். வெறும் இடத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறார். பின்னால் வரிசையில் நிற்கிற எல்லாரும் இருக்கிறார்கள். முன்னால் அவள் மட்டும் இல்லை. விளம்பரம் வந்தது.

தூக்கக் கலக்கம், வேறொன்றும் இல்லை. எழுந்து போய் முகம் கழுவினேன். அவள் பார்த்துச் சிரித்த அதே குழாயில் கழுவினேன். பிடரி கூசியது. திரும்பி வந்து டிவியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படம் மறுபடி வந்தது. இப்போது அவள் இருந்தாள். வாங்கினாள், அணைத்தாள், சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். திரையின் மூலையில் 1.25.

"குழந்தைக்குக் குளிருது."

பக்கத்தில்.

மேஜைக்கு முன்னால் அதே இடத்தில் நின்றாள். சொட்... சொட்...

டிவியைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். கண் கேட்கவில்லை. பார்த்தேன். செயலாளர் வெறும் இடத்துக்குப் போர்வை நீட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை விளம்பரம் வரவில்லை. படம் முடிந்தது, மறுபடி தொடங்கியது. முடிந்தது, தொடங்கியது. நீட்டுகிறார்... நீட்டுகிறார்... நீட்டுகிறார்...

உண்மையைச் சொல்கிறேன், பயத்தைவிட அப்போது ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. இந்தப் பெண்ணுக்கு என்னவோ செய்திருக்கிறார்கள். என்னவென்று தெரியவில்லை. ஏதோ செய்திருக்கிறார்கள்.

முன்பு அவள் கொடுத்துவிட்டுப் போன போர்வை மேஜையிலேயே இருந்தது. எடுத்து நீட்டினேன்.

வாங்கினாள். அணைத்தாள். இடது பக்கம் திரும்பினாள். சிரித்தாள்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தபோது குழந்தையைப் பார்த்தேன். முந்தானைக்கு வெளியே ஒரு கை தொங்கியது. சின்னக் கை. விரல் மடங்கியிருந்தது.

அசையவில்லை.

நகம் நீலமாக இருந்தது.

சிரிப்பு அணைந்தது.

"இந்தாங்க, உங்க போர்வை."

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வாங்கமாட்டேம்மா."

"அடுத்த ஆளுக்கு வேணும்ல."

"அடுத்த ஆளுக்கு இருக்கு. உள்ள மலை மாதிரி கிடக்கு. இது உங்களோடது."

நீட்டிய கை அப்படியே இருந்தது. ஜெனரேட்டர் சத்தம் இறங்கியது. டுக்... டுக்... மூச்சு வாங்குவது போல. டியூப் லைட் மங்கியது. டிவி மட்டும் பளிச்சென்று எரிந்தது.

"அம்மா, நல்லாப் பாருங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இங்க கேமரா இல்ல. படம் எடுக்க யாரும் இல்ல. திருப்பிக் கேக்கவும் யாரும் இல்ல."

அவள் தலையைத் திருப்பினாள்.

குழாய் வரிசையைப் பார்த்தாள். வராந்தாவைப் பார்த்தாள். பிறகு, முதல் தடவையாக, என்னைப் பார்த்தாள்.

"நிஜமாவா?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பல தடவை ஏமாந்தவள் கேட்கிற கேள்வி அது. மேஜையைச் சுற்றிப் போனேன். போர்வையைப் பிரித்தேன். அவளையும் குழந்தையையும் சேர்த்துப் போர்த்தினேன். ஓரத்தை இழுத்துக் குழந்தையின் காலுக்குக் கீழே செருகினேன்.

அப்போதுதான் என் கை பட்டது.

சில்லிப்பு. விரலில் தொடங்கி முழங்கை வரை ஏறியது. ஈர மண்ணுக்குள் கையை விட்டது போல...

விளக்கு போயிற்று.

டிவி போயிற்று.

ஜெனரேட்டர் நின்றது.

இருட்டு.

சொட்...

என் காதருகே.

சொட்...

மேஜைமேல் ஏதோ விழுந்தது. பொத்தென்று. கனமாக.

"அப்ப இது உங்களோடது. இந்தாங்க."

அதற்குப் பிறகு எப்படிப் படி இறங்கினேன், எங்கே இடித்துக்கொண்டேன், தெரியாது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஜெனரேட்டரைக் கிளப்பினேன். டாங்கில் டீசல் பாதிக்கு மேல் இருந்தது. நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை. நர்ஸம்மா அறையில் விளக்கு வந்ததைப் பார்த்துவிட்டு அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வராந்தாக் கோடிக்கு நான் திரும்பவே இல்லை. கதவு திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விடிந்தது. வெளிச்சம் வந்தால் தைரியமும் வந்துவிடுகிறது. எழுந்து போனேன். செயலாளர் எனக்கு முன்னால் அங்கே நின்றார். புதிதாக ஒரு வெள்ளைச் சட்டை. என் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜைமேல் ஒரு போர்வை. மடித்து வைத்திருந்தது. நனைந்து கனத்து, விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மடிப்புகளில் மண் ஒட்டியிருந்தது.

நான் கொடுத்தது சாம்பல் நிறம்.

இது சிவப்பு. கறுப்புக் கரை போட்டது.

"அட, இது எங்க கிடந்துச்சு?" செயலாளர் முகம் மலர்ந்தது. "இதைத்தானே தேடிக்கிட்டிருந்தேன். நம்ம மாதிரிப் போர்வை."

"மாதிரின்னா?"

அவர் காதில் அது விழவில்லை. திறந்து கிடந்த அறையைப் பார்த்துவிட்டார். உள்ளே போய் அடுக்குகளை எண்ணினார். வெளியே வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஒன்னு குறையுது."

"ஒரு அம்மாவுக்குக் குடுத்தேன். கைக்குழந்தையோட வந்தாங்க."

"போட்டோ எடுத்தீங்களா?"

"இல்ல."

"போட்டோ இல்லாம நான் எப்படிக் கணக்குக் காட்டுறது? இதுக்குத்தான் பொறுப்பான ஆள் வேணுங்கிறது." நன்றாகத் திட்டினார். திட்டிக்கொண்டே சிவப்புப் போர்வையைப் பிழிந்தார். மண்ணை உதறினார். தன் வேன் கதவில் காயப் போட்டார். பத்து மணிக்குச் சேனல்காரர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், சாம்பல் நிறப் போர்வைகளைக் கொடுத்தார்கள். அது முடிந்ததும் செயலாளர் காய்ந்த சிவப்புப் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு அடுத்த முகாமுக்குப் போனார்.

நர்ஸம்மா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் வந்தது, சிரித்தது, திருப்பிக் கொடுத்தது எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் குழாயை மூடவே மறந்துவிட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"டிவில அந்தப் படம் எடுத்த அன்னிக்கு இங்க போர்வையே கிடையாது" என்றார்.

"என்னம்மா சொல்றீங்க?"

"லாரி வரல. ரோட்டுல மரம் விழுந்து எங்கேயோ நின்னுடுச்சு. செயலாளர் கையில மாதிரிக்குன்னு ஒன்னே ஒன்னு இருந்துச்சு. சேனல்காரங்க இருட்டுறதுக்குள்ள திரும்பணும்னாங்க. அதனால எல்லாரையும் வரிசையில நிறுத்தினாங்க. குடுக்கறது, சிரிக்கச் சொல்றது, படம் எடுக்கறது, திருப்பி வாங்கறது, அடுத்த ஆளுக்குக் குடுக்கறது. அதே போர்வைதான். வரிசை முழுக்க."

நான் வராந்தாக் கோடியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவ மட்டும் திருப்பிக் குடுக்கமாட்டேன்னா. ரெண்டு நாள் தண்ணிக்குள்ள நின்னிருந்தா, குழந்தைக்கு ஜுரம். லாரி வர்ற வரைக்கும் வச்சுக்கறேனேன்னு கெஞ்சினா. 'ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா, அடுத்த ஆளுக்கு வேணும்ல' அப்படின்னு சொல்லி செயலாளர் அவ கையிலேருந்து வாங்கிட்டார். அறைக்குள்ள இடம் இல்ல. அவ அந்த வராந்தாக் கோடியிலதான் படுத்தா. உங்க மேஜை போட்டிருந்த இடம். விடிகாலைல போய்ப் பாத்தேன். தன் சேலையெல்லாம் குழந்தை மேல சுத்திட்டு..."

குழாயை மூடினார்.

"ரெண்டு பேருமே இல்ல."

நான் மனதுக்குள் நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு 'எப்படிச் சிரிக்கிறா பாருங்க' என்று சொன்னபோது, அவள் மண்ணுக்குள் இருந்தாள். நாடே பார்த்து உருகி லாரி லாரியாகப் போர்வை அனுப்பியது ஒரு பிணத்தின் சிரிப்பைப் பார்த்து. அந்தப் போர்வைகளைத்தான் மறுபடி பூட்டி வைத்திருந்தார்கள்.

"அந்தச் சிவப்புப் போர்வை காலைல என் மேஜைல இருந்துச்சும்மா. செயலாளர் தேடிக்கிட்டே இருந்தாராம். சந்தோஷமா எடுத்துட்டுப் போனார்."

நர்ஸம்மா கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"எது?"

"அதான், மாதிரிப் போர்வை. சிவப்பு. கறுப்புக் கரை."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரையும் கொண்டுபோக ஒரு துணி இல்ல. அவர் வேன்ல அது கிடந்துச்சு. கேட்டா குடுக்கமாட்டார்னு நானே எடுத்துட்டு வந்தேன். அதுலதான் தாயையும் பிள்ளையையும் சேத்துச் சுத்தினேன். அதோடதான் குழியில இறக்கினாங்க. மண்ணு மூடுற வரைக்கும் நான் பக்கத்துலயே நின்னேன்."

நான் கொடுத்த சாம்பல் நிறப் போர்வை இன்றுவரை எங்கேயும் கிடைக்கவில்லை. முகாமைக் கலைத்தபோதுகூடத் தேடினார்கள். அது போன இடம் எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு என் மனம் கொஞ்சம் ஆறுகிறது.

இந்த வருடம் வேறொரு புயல், வேறொரு கடற்கரை. வீட்டில் மறுபடியும் டிவி ஓடுகிறது. போன வாரம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். புல்லாங்குழல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மைதானம். ஒரு வரிசை. நல்ல வெயில் அடிக்கிறது. செயலாளர் வெள்ளைச் சட்டையில் நின்று ஒரு முதியவருக்குப் போர்வை நீட்டுகிறார்.

சிவப்பு. கறுப்புக் கரை.

முதியவர் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பிச் சிரித்தார்.

என் மனைவியிடம் நான் எதையும் சொன்னதில்லை. அவள் தட்டில் சோறு போட்டபடியே திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் போர்வையில ஏன் தண்ணி சொட்டுது?"